மடத்துக் கடிகாரத்தை மாற்றியவர் எங்கள் அண்ணன் அல்ல

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "நல்லதை மட்டும் எழுது, பழசைக் கிளறாதே" என்று வீட்டில் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அண்ணனுக்குக் கெட்டது செய்தவரை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. கூடப்பிறந்தவள் நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

அண்ணன் சேரப்பணஞ்சேரியில், நெல் பயிரிடும் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். அண்ணனுக்கு ஏர் பிடிக்க வரவில்லை. சென்னையில் ஒரு கடிகாரக் கடையில் வேலை கற்றுக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் சொந்தமாக ரிப்பேர் கடை போட்டார். கெட்ட கோபக்காரர். "சீக்கிரம்" என்று யாராவது வாயைத் திறந்தால் கடிகாரத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படியிருந்தும், பழைய சுவர்க் கடிகாரம் வாங்குகிறவர்கள் காஞ்சிபுரத்திலிருந்துகூட அவரிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் வாங்கினார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கடிகார முகப்பில் எழுதியிருக்கும் பெயரைத்தான் படித்துக் காட்டுவார்கள். அண்ணனுக்கு எரிச்சல் வந்துவிடும். "மூஞ்சில கீறது வித்தவன் பேருய்யா. செஞ்சவன் முத்திர முதுவுல கீது. கழட்டிப் பாக்காம இன்னா பேசற?" என்பார். அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்கள் கடிகாரத்துக்குள் ஓடும் மிஷினின் பின்பக்கப் பித்தளைத் தகட்டில் கிரீடம், சிங்கம், பறவை என்று ஆளுக்கொரு முத்திரை குத்தி, கீழே எண்ணும் போட்டிருப்பார்கள். பெட்டியை மாற்றலாம், முகப்பை மாற்றலாம், தகட்டில் குத்தியதை மாற்ற முடியாது.

எங்கள் ஊர் பஜனை மடத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. தாத்தா ஏதோ ஒரு துரை வீட்டு ஏலத்தில் எடுத்து ஊருக்குக் கொடுத்தது. மடத்துச் சாவி சித்தப்பாவிடம். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டவர் அண்ணன். அதன் மிஷினில் வாத்து முத்திரை இருந்தது. கீழே இருந்த எண்ணையே பெட்டியின் உள்பலகையிலும் குத்தியிருந்தார்கள்.

ஒரு மார்கழி மாதம், பஜனை முடிந்து ஊரே மடத்தில் இருந்தபோது கடிகாரம் வேறு ஓசையில் அடித்தது. அண்ணன் முகம் மாறிவிட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி, திருகாணிகளைக் கழற்றி மிஷினை வெளியே எடுத்தார். "அய்யய்யோ, இது நம்ம மிஷின் இல்ல! வாத்தக் காணோம்! எவனோ மாத்திட்டான்!" என்று கத்தினார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

சித்தப்பா பதறவே இல்லை. "வாத்து இருந்துச்சா கோழி இருந்துச்சா, எங்களுக்கு இன்னாடா தெரியும்? நீ ஒருத்தன்தானே முதுவப் பாத்தவன். முத்திர தெரிஞ்சவன்தானே மாத்தத் தெரிஞ்சவன்? போன மாசம் தொடைக்கணும்னு கடைக்கு எடுத்துகினு போனது யாரு?" என்றார். ஒருவர்கூட அண்ணன் பக்கம் பேசவில்லை. இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சிலரும் அன்று அங்கே உட்கார்ந்திருந்தீர்கள்.

கடிகாரத் திருடன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வாலாஜாபாத் பக்கம் நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் அண்ணன் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. அந்தத் தை மாதத்தில்தான் சித்தப்பா தம் மகள் வசந்தாவைப் படப்பையில் கட்டிக் கொடுத்தார். சீர்வரிசையில் ஒரு சுவர்க் கடிகாரமும் போனது.

சில வருஷங்கள் கழித்து, வசந்தாவின் கணவர் அந்தக் கடிகாரத்தை அண்ணன் கடைக்குத் தூக்கி வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. "மாமனார் குடுத்தது மச்சான், சாவி ஏற மாட்டேங்குது" என்றார். புதுத் தேக்குப் பெட்டி, முகப்பில் சென்னைக் கடை ஒன்றின் பெயர். அண்ணன் கழற்றினார். வாத்து!

கடையை அடைத்துவிட்டு, மிஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஊருக்கு வந்தார். என்னையும் மடத்துக்கு அழைத்துப் போய், பழைய பெட்டியில் இருந்த எண்ணைப் படிக்கச் சொன்னார். இரண்டும் ஒன்றே. அப்படியே சித்தப்பா வீட்டுக்குப் புறப்பட்டவரை அம்மா மறித்தார். தாயில்லாத வசந்தாவை வளர்த்தவர் எங்கள் அம்மாதான். "திருட்டுக் கடியாரத்தோட வந்தவன்னு சொல்லி அவள அனுப்பிடுவாங்கடா. பொண்ணு வாழ்க்க போயிடும். என் மேல சத்தியம், வாயத் தொறக்காத" என்று அழுதார்.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. மிஷினைச் சுத்தம் செய்து, படப்பைக்கே திருப்பி அனுப்பினார். எனக்காக அவர் எவ்வளவோ செய்திருக்கிறார், என் பிள்ளைகளைப் படிக்க வைத்தார், எல்லாவற்றுக்கும் நன்றி உண்டு. இதற்கு மட்டும் அவரை நான் மன்னிக்கவில்லை.

ஆனால் சும்மா விட்டார் என்று நினைக்காதீர்கள். சித்தப்பா எப்போது ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் நடந்தாலும், அண்ணன் கடைக்குள் இருந்தபடியே, "இன்னா சித்தப்பா, படப்பை வூட்டு கடியாரம் நல்லா ஓடுதா?" என்று தெருவே கேட்கக் குரல் கொடுப்பார். ஏதோ குசலம் விசாரிக்கிறார் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். சித்தப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார். கடைசியில் காய்கறிக்கே படப்பைச் சந்தைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

அம்மா காலமான பின், மூச்சிரைப்பு முற்றி அண்ணன் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "என் வாய்க்கு அம்மா பூட்டு போட்டுது. உன் வாய்க்கு யாரு போட்டா?" என்றார். மறுவாரம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வசந்தா வந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மறுநாள் கணவரோடு வந்து கடிகாரத்தை எங்கள் கூடத்தில் இறக்கி வைத்தாள். "இத்தப் பாத்துகினு இனிமே நான் எப்படிக்கா சோறாக்குவேன்? நீயே வெச்சிக்க. ஊருக்கே காட்டு" என்றாள். அவளுக்கு என் முதல் நன்றி. அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், இரவெல்லாம் உடன் விழித்திருந்த என் மருமகனுக்கும், மடத்துப் பெட்டியை இரவல் தந்த இன்றைய நிர்வாகிகளுக்கும் நன்றி.

மிஷினைக் கழற்றி, முதுகு தெரியும்படி கூடத்து மேஜையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் மடத்துப் பெட்டி திறந்திருக்கிறது. சாப்பிடுமுன் ஒவ்வொருவரும் இரண்டு எண்களையும் படித்துப் பாருங்கள். கண் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

சித்தப்பாவை நானே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் பந்தியில், அந்த மேஜைக்கு நேர் எதிரே அவருக்கு இலை போடச் சொல்லியிருக்கிறேன். பெரியவர், பார்த்துப் பரிமாறுங்கள். பாயசம் வரும்வரை அவரை எழுந்திருக்க விடாதீர்கள்.