வெள்ளைக்கு அடுத்தது நீலம்

யுத்தம் முடிந்தும் துணியை ரேஷனில் அளந்து கொடுக்கும் கண்ட்ரோல் நீங்காத சமயம். ஊர் கீழப்பழுவூர். என் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடையில் நல்ல துணி கிடைக்கவில்லை. அதனால், அரியலூரிலிருந்து சைக்கிளில் பட்டு மூட்டையோடு வரும் சீனாக்காரரை வாசலில் உட்கார வைத்தார்கள். அவர் சிவப்பாகவே எடுத்து விரித்தார். அவர்கள் ஊரில் கல்யாணம் என்றால் சிவப்புதானாம்.

நான் அந்தப் பக்கமே வரக்கூடாது. கல்யாணமான வருடமே என் புருஷன் காலராவில் போய்விட்டான். அன்றைக்குக் கட்டிய வெள்ளைப் புடவை. இருபது வயதில் நான் வீட்டுக்கு அபசகுனம். சீனாக்காரர் வந்த அன்று கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, பிடிக்கப் போய் வாசலுக்கே வந்துவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் சீனாக்காரர் பதறி எழுந்தார். சிவப்புத் துணியையெல்லாம் வாரி மூட்டைக்குள் திணித்தார். இழவு வீடு என்று தெரியாமல் கடை விரித்துவிட்டேன் என்று, அரைகுறைத் தமிழில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.

அண்ணன் சிரித்தான். "அட, அவ புருசன் செத்து அஞ்சு வருசமாச்சுய்யா. நீ துணியக் காட்டு."

அவர் முகம் வெளிறிவிட்டது. "அஞ்சு வருசமா? எங்க ஊர்லயும் துக்கத்துக்கு வெள்ளைதான். மூணு வருசம். அப்பறம் கழட்டிடும். மொதல்ல நீலம், பொறவு சிவப்பு. இந்தப் பொண்ணுக்கு ஏன் முடிக்கல?"

துக்கத்துக்கு முடிவு உண்டு என்று அதுவரை ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை. கட்டையில் போகிறவரை இதுதான் என்று சாமியே சொன்ன மாதிரியல்லவா சொல்லி வைத்திருந்தார்கள்!

"நீலம் இருக்கா?" என்று கேட்டேன்.

"எம் மானத்த வாங்கவா பாக்குற? உள்ள போடி" என்று அண்ணன் கையை ஓங்கினான். அதுவரை கதவோரம் நின்ற அம்மா வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சீனாக்காரரிடம், "அவ கேட்டத எடுங்க" என்றார்.

கல்யாணத்தன்று நீலத்தில்தான் நின்றேன். பெண் வீட்டாரில் பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். போகட்டும். அந்த மனிதர் எனக்காக நியாயம் பேச வரவில்லை. தன் ஊர் வழக்கத்தைச் சொன்னார், அவ்வளவுதான். இன்றைக்கும் யாராவது 'காலங்காலமாக இப்படித்தான்' என்றால், 'எந்த ஊரில்?' என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.