உதயசூரியன் நடந்து காட்டிய கதை

திருவரங்குளம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற பரிமளாவுக்கு வாய் நீளம் என்று ஊருக்குள் ஒரு பெயர் உண்டு. வாயெல்லாம் நீளமில்லை. கண்ணில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற கோளாறு, அவ்வளவுதான். அழுகல் முட்டை வந்தால் கொண்டுவந்தவன் முன்னாலேயே உடைத்து அவன் மூக்குக்குக் கீழே நீட்டுவாள். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி சாம்பார்க் கரண்டியை உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தபடி நின்றார். "சார், வாயில ஊத்துங்க. சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னா உப்பு தெரியாது" என்றாள். அவர் ஊற்றிக்கொள்ளவே இல்லை. போட்டோ மட்டும் மறுநாள் அவருடைய பேஸ்புக் பக்கத்தில் வந்தது.

அவளுக்குப் போய் உதயசூரியன் புருஷனாக வாய்த்தான். பெயர், கட்சிப் பைத்தியம் பிடித்த தகப்பன் வைத்தது. புதுக்கோட்டையில் லோடு ஆட்டோ ஓட்டினான். பலாப்பழமோ செங்கலோ எதை ஏற்றினாலும் சட்டைப் பையில் சீப்பு இருக்கும். சொந்தக்காரர் கல்யாண வீடியோ எதைப் போட்டுப் பார்த்தாலும், தாலி கட்டுகிற இடத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் அவன் பல் தெரியும். நல்ல மனுஷன்தான். கேமராவைக் கண்டால் மட்டும் புத்தி வேலை செய்யாது.

சர்க்கரை வியாதி அவன் காலில் வந்து உட்கார்ந்தது. குதிகாலில் சின்னப் புண். செருப்புக் கடி என்று விட்டுவிட்டான். அது உள்ளுக்குள் போய்விட்டது. முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் பாதிக் காலையாவது எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். புதுக்கோட்டையில் புதிதாக வந்திருந்த நல்லுயிர் மருத்துவமனையில் எடுக்காமலே பார்க்கலாம் என்றார்கள். பார்க்கவும் பார்த்தார்கள். அங்கிருந்த டாக்டரைக் குறை சொல்ல முடியாது. தினமும் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். வீட்டுக்கு அனுப்புகிறபோது பரிமளாவைக் கூப்பிட்டு, "புண்ணு முழுசா மூடுற வரைக்கும் இந்தக் காலை ஊனவே கூடாதும்மா. பாத்ரூமுக்குக்கூட நீங்கதான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொன்னார். பரிமளாவுக்குப் புரிந்தது. உதயசூரியனும் தலையாட்டினான்.

ஆனால் அந்த மருத்துவமனையில் ஊசியும் தெரியாத, மருந்தும் தெரியாத இன்னொரு கூட்டம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தது. மார்க்கெட்டிங் என்று பெயர். அதற்கு மேனேஜர் அரவிந்த்குமார். டை கட்டிய இளந்தாரி. ஆஸ்பத்திரிக்கு ஆள் வரவேண்டுமென்றால் நோய் குணமானால் போதாது, குணமானது ஒரு நிமிஷ வீடியோவில் தெரிய வேண்டும் என்று அவன் முதலாளிகளுக்குப் பாடம் எடுத்திருந்தான். அதற்காக அவன் பிடித்துவந்தவன்தான் கார்முகில்.

கார்முகிலைப் புதுக்கோட்டையில் தெரியாதவர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அசந்து தூங்குகிறவர்கள் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவர்கள் அலறுவதைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவன். லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்ததும் கடைக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். நகைக்கடை, மனை விற்பனை, மாட்டுத் தீவனம் எல்லாவற்றுக்கும் அதே கண் உருட்டல்தான். நேற்றுவரை "இந்தப் பிரியாணி வேற லெவல் மக்களே" என்று கூவிய வாய், இன்றைக்கு வெட்கமே இல்லாமல் "இந்த ட்ரீட்மென்ட் வேற லெவல் மக்களே" என்று கூவியது. மக்களும் இரண்டையும் ஒரே மாதிரி பார்த்தார்கள்.

உதயசூரியன் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று வாசலில் ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகைக்குக் கீழே மாலையும் பொன்னாடையும் தயாராக இருந்தன. கட்டுப் போட்ட கால் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று கார்முகில் ஒரு வெள்ளைக் காலுறையை வாங்கி வரச் சொல்லி மாட்டிவிட்டான்.

"அப்பா, நீங்க அந்தப் படியிலேருந்து எறங்கி, சும்மா கெத்தா நடந்து வந்து, 'காலே போயிரும்னாங்க, இப்ப நான் நல்லா இருக்கேன்'னு சொல்றீங்க. அவ்வளவுதான்."

"ஏப்பா, காலை ஊனக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு" என்று பரிமளா குறுக்கே போனாள்.

"ரெண்டே நிமிஷம்மா" என்றான் அரவிந்த்குமார். டாக்டர் அந்நேரம் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார்.

"ஏங்க, வேணாங்க. சொன்னாக் கேளுங்க."

"சும்மா இரு புள்ள. ஊரே பாக்கப் போகுது" என்றான் உதயசூரியன். சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டான்.

நடந்தான். முகத்தில் வெயில் சரியாக விழவில்லை என்றான் கார்முகில், "ஒன்ஸ் மோர் அப்பா!" மறுபடி நடந்தான். நர்ஸ் ஒருத்தி குறுக்கே வந்துவிட்டாள், ஒன்ஸ் மோர். சிரிப்பு பத்தவில்லை, ஒன்ஸ் மோர். அப்புறம் காலுறை மட்டும் தெரிகிற மாதிரி தரையோடு போனை வைத்து ஒன்ஸ் மோர். பரிமளா கத்திப் பார்த்தாள். சத்தம் பதிவாகிவிடும் என்று அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். சுகர் முற்றிய காலுக்கு வலி தெரியாது. அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மிடுக்காக நடந்து வந்தான். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றியபோது அது ஈரமாக இருந்தது.

புண் வாய் பிளந்துவிட்டது. இரண்டு நாளில் காய்ச்சல். அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்த்தபோது விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்டில் கிடக்கும்போதுதான் வீடியோ வெளியே வந்தது. அவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பக்கத்துக் கட்டில்காரருக்கும் காட்டினான். "நல்லா வந்திருக்குல்ல?" என்று பரிமளாவிடம் கேட்டான். அவளுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. அந்த வாரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

புருஷன் போனான், வீடியோ போகவில்லை. அதற்கு அப்போதுதான் வேகம் பிடித்தது. பிள்ளைகளுக்குச் சமைக்க வேறு ஆளில்லாததால் காரியம் முடியுமுன்பே பரிமளா வேலைக்குப் போக வேண்டியிருந்தது. எதிர்ப்பட்ட டவுன் பஸ் கண்டக்டர் "அக்கா, மாமா கலக்குறாரே" என்றான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு அந்த நடையை நடந்து காட்டின. பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? பரிமளா சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். யாரோ ஒருவன் போனைத் தட்டும்போதெல்லாம் அவள் புருஷன் "இப்ப நான் நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதை நிறுத்த வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அரவிந்த்குமாருக்குப் போன் போட்டாள். வீடியோ கார்முகிலின் இணையப் பக்கத்தில் இருக்கிறது, அவனைத்தான் கேட்க வேண்டும் என்றான். கார்முகிலுக்குப் போட்டாள்.

"அது ஹாஸ்பிடல் கன்டென்ட்டும்மா. அவங்க சொல்லாம நான் எடுக்க முடியாது. செம்மையாப் போய்க்கிட்டு இருக்கு, இப்பத் தூக்குனா ரீச் அடிபட்டுரும்."

"அவரு செத்துட்டாருப்பா."

"அச்சச்சோ, சாரிம்மா." அடுத்த மூச்சிலேயே, "ஆனா வீடியோவுல அப்பா வாழ்ந்துக்கிட்டுத்தானம்மா இருக்காரு" என்றான்.

பரிமளா வாழ்நாளில் எத்தனையோ அழுகல் முட்டையை உடைத்திருக்கிறாள். இப்படியொரு நாற்றத்தை அவள் கண்டதில்லை. போனை வைத்துவிட்டாள்.

காரியத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது மணமேல்குடியிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் செவந்தி, மீன் விற்கிறவள். திருவரங்குளத்தில் இருக்கிற சொந்தக்காரர் மூலமாக நம்பர் வாங்கியிருந்தாள்.

"அக்கா, அண்ணன் வீடியோ பாத்தேன். எங்க வீட்டுக்காரருக்கும் இதே மாதிரிதான் கால்ல. கடலுக்குப் போயி மாசக் கணக்காச்சு. அங்கிட்டே கூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கேன். அண்ணன் இப்ப லோடெல்லாம் ஏத்துறாங்களா?"

"அவரு போயிட்டாரு தாயி" என்றாள் பரிமளா.

"எங்க போயிட்டாங்க?"

"செத்துப் போயிட்டாரு."

செவந்தி கோபமாகச் சொன்னாள்: "ஏங்க்கா பொய் சொல்றீங்க? காலையிலகூடப் பாத்தேன், நடந்து வாராங்களே. சொல்ல மனசில்லைன்னா விட்டுருங்க."

பரிமளா தாலியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறாள், நம்ப ஆளில்லை. தலையில் தண்ணீர் ஊற்றுகிற பயல் காட்டியதை நம்புகிறார்கள். இனி அந்தப் பயல்களைக் கெஞ்சுவதில்லை என்று அவள் அன்றைக்கு முடிவு செய்தாள்.

மறுநாள் லோடு ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வெற்றிசெல்வன் வந்தான். காரியத்துக்குக் கூட்டாளிகள் சேர்ந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறார்களாம், போட்டோ வேண்டுமாம். ஸ்டாண்டில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் செய்கிற முறைதான். வீட்டில் இருந்தது ஆதார் அட்டைப் படம். அதில் உதயசூரியன் ஆடு திருடி அகப்பட்டவன் மாதிரி இருந்தான். எல்லார் கல்யாணத்திலும் பல்லைக் காட்டியவனுக்கு, தனியாக ஒரு நல்ல படமில்லை.

பரிமளா யோசித்தாள். "ஒன் போன்ல அந்த வீடியோவப் போடு" என்றாள். மாலையும் பொன்னாடையுமாக அவன் சிரித்து நிற்கிற இடம் வந்ததும், "இங்க நிறுத்து. இதான் போட்டோ" என்றாள்.

வெற்றிசெல்வன் பார்த்தான். தலைக்கு மேலே நல்லுயிர் மருத்துவமனை என்று கொட்டை எழுத்தில் பலகை தெரிந்தது. "பின்னாடி இருக்குறத வெட்டிரச் சொல்லவாக்கா?"

"ஒரு எழுத்தக்கூட வெட்டக் கூடாது."

அவனுக்குப் புரிந்துவிட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

போஸ்டரில் யாரையும் ஒரு குற்றமும் சொல்லவில்லை. எல்லாப் போஸ்டரையும் போலத்தான் இருந்தது: கண்ணீர் அஞ்சலி, தோற்றம், மறைவு, கீழே கூட்டாளிகள் பெயர். நடுவில், கழுத்தில் மாலையோடு உதயசூரியன் ஊரே பார்க்கச் சிரித்தான். திருவரங்குளம் பஸ் நிறுத்தத்தில் ஒட்டினார்கள். புதுக்கோட்டையில் அவர்கள் ஸ்டாண்டுச் சுவர் நெடுக ஒட்டினார்கள். அந்தச் சுவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அதற்கு அவர்கள் என்ன செய்ய முடியும்? ஸ்டாண்டு, ஆஸ்பத்திரிக்கு முந்தியே அங்கே இருக்கிறது.

ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்கள் போஸ்டரைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், மறுபடி போஸ்டரைப் பார்த்தார்கள். சிலர் அதே ஆட்டோவில் திரும்பினார்கள். ஒருவன் அதைப் படமெடுத்துக் கார்முகிலின் வீடியோவுக்குக் கீழே போட்டான். அரவிந்த்குமார் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கிழிக்கச் சொன்னான். வாட்ச்மேன் ரோட்டைத் தாண்டிப் போனவர், செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுத் திரும்பி வந்தார். "செத்தவரு மூஞ்சியில நகம் வைக்க எனக்கு ஆகாது சார். வேற ஆளப் பாருங்க" என்றார். வேறு ஆளும் கிடைக்கவில்லை.

கடைசியில் கார்முகிலைத்தான் அனுப்பினார்கள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, பரிமளா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் சத்துணவுக் கூடத்து வாசலில் வந்து நின்றான். கையில் பழப்பை.

"அம்மா, உங்க வலி எனக்குப் புரியுது. உங்க பக்கத்தையும் ஒரு வீடியோவாப் போட்டுரலாம். நீங்க லேசா அழுதுக்கிட்டே—"

"முதல்ல அத அழி."

"அது, நீங்க போஸ்டர எடுத்துட்டீங்கன்னா ஆஸ்பத்திரியில—"

"அழிடா. எங் கண்ணு முன்னால அழி."

அவன் மேனேஜரிடம் பேசினான். அந்தப் பக்கம் அவசரம் அதிகமாக இருந்திருக்க வேண்டும், உடனே அழித்தான். அவள் போனை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரிம்மா, இப்ப போஸ்டரு?"

"ஒட்டுனது நானில்ல, அவரு கூட்டாளிங்க. ஒனக்கு வேணுமுன்னா நீயே கிழிச்சுக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இங்கிட்டு ஒண்ணு இருக்கு, வா. இதக் கிழிச்சிட்டு அங்கிட்டுப் போயி மிச்சத்தக் கிழி."

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இருந்தது. கார்முகில் போஸ்டருக்கு முன்னால் போய் நின்றான். அவனே வெயில் பார்த்து, சிரிப்புப் பார்த்து எடுத்த முகம். ஓரத்தில் விரலை வைத்தான். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. உதயசூரியனின் தோள் பக்கம் கொஞ்சம் கிழிந்து வந்தது.

"எவன்டா அவன், செத்தவரு போஸ்டர்ல கை வைக்கிறவன்?" என்று டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார்.

கார்முகில் திரும்பிப் பார்த்தான். நாலைந்து போன்கள் மேலே எழும்பியிருந்தன. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது அந்தக் கூட்டத்தில் அவன் அளவுக்கு யாருக்கும் தெரியாது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஊரார் முகத்தையெல்லாம் கேட்காமல் எடுத்தவன், தன் முகத்தைப் பழப்பையால் மறைத்தான்.

"அண்ணே, மூஞ்சி விழல. இங்கிட்டுத் திரும்புங்க" என்றான் ஒரு காலேஜ் பையன்.

கார்முகில் பைக்கைப் பார்த்து நடந்தான். நடையில் பாதி ஓட்டம். பரிமளா அவனைத் தடுக்கவில்லை. கிழிந்த ஓரத்தை உள்ளங்கையால் நீவிச் சுவரோடு ஒட்டவைத்தாள். உதயசூரியன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வார்டில் வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே திரும்பி, பைக்கை உதைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏன் தம்பி போற? சரியா வரல. இன்னொரு தடவ நடந்து வா. ஒன்ஸ் மோர்!"