குளியலறையில் பேசிய லேப்டாப்

ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்றது அந்த வீடியோ நிறுவனம். கைத்திறமைக்கு எதற்குப் பழ முத்திரை என்று கொதித்த வீடியோ எடிட்டர், தன் சாதாரண லேப்டாப்பிலேயே ஆப்பிளின் இயங்குதளமான மேக் ஓஎஸ்ஸை ஏற்றிவிட்டாள்.

எல்லாம் ஓடியது, ப்ளூடூத்தைத் தவிர. அதைச் சரிசெய்யக் காலையில் ஒரு கோப்பை மாற்றினாள். இருந்த சத்தமும் போய்விட்டது. வீடியோ அழைப்பில் நடக்கவிருந்த நேர்காணலோ நெருங்கிவிட்டது, ஒலியோடு ஒரு காட்சியை வெட்டிக் காட்ட வேண்டும். "கேக்குதா?" என்று தன் குரலைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டினாள். லேப்டாப் வாயே திறக்கவில்லை.

குளியலறையிலிருந்து தம்பி தலை நிறைய நுரையோடு அலறிக்கொண்டு வந்தான்.

"அக்கா! உள்ள ஒரு பேய் 'கேக்குதா, கேக்குதா'ன்னு உயிரை எடுக்குது!"

"பேயாவது பூதமாவது! யார் குரல்டா?"

"உன் குரல்தான். அதான் இன்னும் பயம்!"

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். சுவரில் அவன் ஒட்டிவைத்த பாட்டு ஸ்பீக்கரில் நீல விளக்கு. சத்தம் சாகவில்லை; உயிர்பெற்ற ப்ளூடூத் வழியாக இங்கே வந்திருக்கிறது! அவள் துள்ளிக் குதித்தாள்.

ஓடுகிற எதையும் இனித் தொடக்கூடாது என்று தம்பியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக் காட்சியை வெட்டிக் காட்டினாள்.

"குரல் எதிரொலிக்குதே, பெரிய ஸ்டூடியோவாம்மா?" என்றார் திரையில் மேலாளர்.

"ஆமா சார், சுவரெல்லாம் டைல்ஸ்."

"அக்கா, கண்ணு எரியுது!" என்று வெளியே கதவு இடிபட்டது.

"வேலை பிரமாதம். எப்ப சேரலாம்?"

"தம்பி குளிச்சதும் சார்!"