சைலன்ட்டில் இருந்த போன் அலறிய நாள்

என் தங்கை சுகந்தியை அவள் புருஷன் கொன்றுவிடுவான் என்று நான் முழுசாக நம்பிய நாட்கள் உண்டு. ஆண்டவர் காப்பார் என்ற நம்பிக்கை எனக்குள் கடுகளவு இருந்தது என்றால், அவன் செய்துவிடுவான் என்ற நம்பிக்கை மலையளவு இருந்தது. அப்படிப்பட்ட என்னைத்தான் கர்த்தர் இன்று உங்கள் முன்னால் சாட்சி சொல்ல நிறுத்தியிருக்கிறார். நான் கொஞ்சம் படபடவென்று பேசுகிறவள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு போடியில். வீட்டுக்காரர் பஜாரில் ஃபேன்ஸி கடை வைத்திருக்கிறார். சுகந்தியைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்தோம். தையலில் கெட்டிக்காரி. ஜாக்கெட் தைக்கக் கூடலூரிலிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள். ஆனால் அவள் புருஷனுக்குச் சந்தேகம் ஒரு வியாதி. கடைக்குப் போனால் எவனைப் பார்க்கப் போனாய் என்பான். ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியைச் சூட்டோடு எடுத்து அவள் தோளில் வைத்துவிட்டான். "எங்கன போனாலும் ஒன் சாவு என் கையிலதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்திருக்கிறான்.

போன வருடம் ஆனி மாதம், மலையில் சாரல் பிடிக்கும் நேரம், அவன் எஸ்டேட் வேலையாகக் குமுளிக்குப் போன பகலில் அவளைக் கிளம்பி வரச் சொன்னேன். "போன அங்கனயே போட்டுட்டு வா. கையில இருந்தா அத வச்சே கண்டுபிடிச்சிருவான்" என்றேன். கட்டிலில் போனைப் போட்டுவிட்டு, கட்டிய சேலையோடு பஸ் ஏறி வந்தாள். நான் பெரிய புத்திசாலி என்று எனக்குள் ஒரு நினைப்பு.

போடியில் புதுப் போன், புது சிம் வாங்கிக் கொடுத்தோம். அவளுக்கு ஒரே கவலை, கஸ்டமர்களின் நம்பரும், அளவுச் சட்டைகளைப் பிடித்து வைத்திருந்த போட்டோக்களும் போய்விட்டதே என்று. பிழைப்பே அதில்தான் இருந்தது. கடையில் கேட்டோம். "பழைய மெயில் ஐடியவே போடுங்கக்கா, எல்லாம் வந்துரும்" என்றார்கள். எங்கள் வீடுகளில் மெயில் ஐடி என்றால் போன் திறக்க ஒரு சாவி, அவ்வளவுதான். யார் அதைப் பற்றி யோசிக்கிறோம்? பாஸ்வேர்டு அவளுக்கு ஞாபகம் இருந்தது, அவன் நம்பர்தான் பாஸ்வேர்டு. போட்டோம். போட்டோக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கடையிலேயே நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்த வாரமே அவன் எங்கள் வீட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் வந்து உட்கார்ந்தான். அதில் ஆச்சரியமில்லை. அக்காள் வீட்டைத் தவிர அவள் வேறு எங்கே போவாள்? ஆனால் அவன் உள்ளே வரவில்லை, சத்தம் போடவில்லை. டீ குடித்தான், மாடி ஜன்னலைப் பார்த்தான், போய்விட்டான். அவன் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நடுக்கம் வந்திருக்காது. போலீசில் சொல்வோம் என்றேன். சுகந்தி என் காலைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்க்கா, கேஸு கீஸுன்னா இன்னும் வெறியாகிருவாரு" என்றாள்.

அவளைப் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். எங்கள் சபை விசுவாசி ஒருவருடைய வீடு. சுற்றிலும் மரங்கள், பக்கத்தில் வேறு வீடு கிடையாது. எனக்கும், என் வீட்டுக்காரருக்கும், எங்கள் பாஸ்டரம்மாவுக்கும், அந்த வீட்டம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஓரிரு நாளில் என் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "ஒங்க தங்கச்சிக்கு மாந்தோப்புக் காத்து ஒத்துக்கிருச்சா?"

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "கேரளா பார்டருக்கு அங்கிட்டு மை போட்டுப் பாக்குறாகளாம்ல. வெத்தலையில மைய்யத் தடவுனா ஆள் இருக்குற எடம் தெரியுமாம். அவன் அங்கன போயிருப்பானோ?" நான் எரிந்து விழுந்தேன். விசுவாசி வீட்டில் பேசுகிற பேச்சா இது என்றேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், அன்று சாயங்காலம் எனக்கும் அந்த வெற்றிலைதான் கண்முன் நின்றது. வேறு எப்படி அவனுக்குத் தெரியும்? நாலு பேரில் ஒருவர் சொல்லியிருந்தால்தான் உண்டு. யார்? பாஸ்டரம்மாவா? எனக்குச் சோறு போட்ட அந்தத் தோப்பு வீட்டம்மாவா? பிசாசு மனிதர்களைப் பிரிக்கிற விதம் இதுதான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சந்தேகப்பட்டேன்.

மறுபடியும் இடம் மாற்றினோம். தேனியில், மொத்தக் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் பாஸ்டரம்மாவின் வீடு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், மாடிக்கு மேல் மாடி. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஆளைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசியைத் தேடுகிற மாதிரிதான். சுகந்தி மெலிந்துபோயிருந்தாள். கதவு தட்டினால் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொள்வாள். "அக்கா, அவரு என்னையக் கொல்றதுக்கு முன்னாடி நானே பயந்து செத்துருவேன் போல" என்றாள். அதைக் கேட்டு நான் பாத்ரூமுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை பாஸ்டரம்மா உபவாச ஜெபம் வைத்தார்கள். நம்பிக்கையான பெண்கள் சிலர் மட்டும். எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்துக்கு முன்னால் எல்லோரும் போனைச் சைலன்ட்டில் போட்டு ஒரு பித்தளைத் தட்டில் வைத்துவிட வேண்டும். பாஸ்டரம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வருவார்கள், காணிக்கை எடுப்பதைப் போல. சுகந்தியும் வைத்தாள். போடியில் கடையில் இருந்த என் வீட்டுக்காரரை விட்டால், அவளுடைய புது நம்பர் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த அறைக்குள்தான் இருந்தோம்.

பாஸ்டரம்மா முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். "ஆண்டவரே, அவன் கண்ணுக்கு வழிகாட்டுறது எதுன்னு எங்க கண்ணுக்குக் காட்டுமப்பா. இன்னைக்கே காட்டும்." நாங்கள் ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, தட்டில் ஒரு போன் அலற ஆரம்பித்தது.

சாதாரணச் சத்தமா அது! பித்தளைத் தட்டே அதிர்ந்தது. "யாரும்மா சைலன்ட்ல போடாதது?" என்று ஒருவர் முகம் சுளித்தார். சுகந்தி எழுந்து போய் எடுத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "சைலன்ட்லதேன் இருக்குக்கா. கூப்புடுறவுக நம்பரே இல்ல" என்றாள். விரல் பட்டதும் சத்தம் நின்றது. திரும்பவும் அலறியது.

அங்கே ரோஸ்லின் இருந்தாள். பெரியகுளத்தில் ஒரு அரசு ஆபீசில் வேலை. சபையில் அவளை நாங்கள் கிண்டல் செய்வோம், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவள் என்று. தினமும் போனைத் தொலைப்பாள். அவள்தான் சொன்னாள்: "இது கால் இல்ல. இந்தச் சத்தத்த நான் தெனம் கேக்குறேன். தொலைஞ்சு போன போனத் தேடுறப்ப வர்ற சத்தம். சைலன்ட்ல கெடந்தாலும் அடிக்கும். எம்மக அவ போன்ல இருந்து அமுக்குவா, என் போன் அரிசி டப்பாவுல கெடந்து கத்தும்." பிறகு குரல் மாறிக் கேட்டாள்: "சுகந்தி, ஒன் மெயில் ஐடி போட்ட வேற போன் யார்ட்ட இருக்கு?"

கட்டிலில் போட்டுவிட்டு வந்த போன். போடச் சொன்னவள் நான்.

மை போட்ட வெற்றிலை அவன் கையில்தான் இருந்தது, நாங்களே கொடுத்தோம். புதுப் போனில் பழைய மெயில் ஐடியைப் போட்ட அன்றிலிருந்து, பழைய போனைத் திறந்தால் புதுப் போன் எங்கே இருக்கிறது என்று மேப்பில் புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. தோப்பில் ஒரே வீடு, அதனால் கண்டுபிடித்துவிட்டான். இந்தத் தெருவில் புள்ளி எந்த வீட்டின் மேல் நிற்கிறது என்று அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அதனால்தான் அடிக்க விட்டிருக்கிறான், சத்தம் எந்த வாசலில் கேட்கிறது என்று பார்க்க.

அப்படியானால் அவன் கேட்கிற தூரத்தில் இருக்கிறான். நான் ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கினேன். கீழே தெருவில் நின்றான். கையில் போன். தலையைச் சாய்த்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தான். அவசரமே இல்லை அவனுக்கு. அந்த நடை இன்றைக்கும் என் கனவில் வருகிறது.

நான் போனைப் பிடுங்கித் தரையில் அடிக்கப் போனேன். பாஸ்டரம்மா என் கையைப் பிடித்தார்கள். "ஒடைக்காத. ஒடைஞ்சா அவன் இங்கனயேதான் சுத்துவான். இது போற எடத்துக்குத்தான அவன் வருவான்? நாமதேன் அவன எங்க கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணணும்." சொல்லிவிட்டுச் சுகந்தியைப் பார்த்தார்கள். "ஆத்தா, ஸ்டேசனுக்குப் போவமா?"

அவள் வேண்டாம் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். போனைத் துண்டில் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க" என்றாள். கர்த்தர் அந்த நிமிடம் அவளுக்குள் எதையோ எழுப்பினார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பின்கதவு வழியாகச் சந்துக்கு இறங்கி, ஆட்டோ பிடித்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். வழியெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். எந்த பைக் ஹாரன் அடித்தாலும் உயிர் போய் வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா முழுசாகக் கேட்டார்கள். தோளில் இருந்த தழும்பைப் பார்த்தார்கள். போனை மேஜையில் வைக்கச் சொன்னார்கள். "ஆஃப் பண்ணாதீக. வரட்டும்" என்றார்கள். நாங்கள் காத்திருந்தோம். திடீரென்று மேஜை மேல் அந்தப் போன் அலறியது.

அவன் வெளியே கேட் அருகில் நின்றான். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே வந்தவன், நிமிர்ந்து போர்டைப் பார்த்துத் திரும்பினான். அதற்குள் இரண்டு காவலர்கள் அவனுக்குப் பின்னால் போயிருந்தார்கள். அவன் பைக்கின் சைடு பாக்ஸிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து மேஜையில் வைத்தார்கள். புது அரிவாள். கைப்பிடியில் கடை ஸ்டிக்கர்கூட உரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான், எதிலிருந்து எங்களை ஆண்டவர் காப்பாற்றினார் என்று எனக்கு விளங்கியது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

போலீசார் எல்லாவற்றையும் ஆதாரத்துக்குப் படம் எடுத்துக்கொண்ட பிறகு, எங்களோடு வந்திருந்த ரோஸ்லின் உட்கார்ந்து சரிசெய்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். அந்த மெயில் ஐடி எந்தெந்தப் போனில் இருக்கிறது என்ற பக்கத்தைத் திறந்து பழைய போனை வெளியேற்றினாள். மேப்பைத் திறந்தால் அங்கே இன்னொன்று. அவள் இருக்கும் இடத்தை அவன் போனுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும்படி, நாமாக நிறுத்துகிறவரை நிற்காத மாதிரி, என்றைக்கோ அவளுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறான். ஒரு வாசலை அடைத்திருந்தாலும் மறு வாசல் திறந்தே கிடந்திருக்கும்.

அவன் இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. உத்தரவு காகிதம்தான், எனக்குத் தெரியும். வாசலில் நிழல் தட்டினால் இன்றும் திடுக்கிடுகிறேன். ஆனால் முன்பு மாதிரி அவனை நம்பவில்லை. என் ஆண்டவரைத்தான் நம்புகிறேன்.

இதைக் கேட்கிற சகோதரிகளே, உங்களில் யாராவது சுகந்தி மாதிரி கதவுக்குப் பின்னால் நிற்கலாம். வாய்விட்டுக் கேளுங்கள், அவர் காட்டுவார். காட்டும்போது கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். ஆமென் சொன்ன கையோடு போனை எடுத்து, உங்கள் மெயில் ஐடி யார் யாரிடம் இருக்கிறது, நீங்கள் இருக்கும் இடம் யாருக்குத் தெரிகிறது என்று பாருங்கள். மிரட்டுகிறவன் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அவசரப்பட்டு எதையும் அணைக்காதீர்கள், அணைத்தது அவனுக்குத் தெரிந்துவிடும். முதலில் நம்பிக்கையான ஒருவரிடமும் போலீசிலும் சொல்லுங்கள்.

சுகந்தி இப்போது லோயர் கேம்ப் பக்கம் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். தனியாகத்தான் போகிறாள். முதல் நாள் பஸ் ஏறும்போது, தான் இருக்கும் இடம் எனக்குத் தெரிகிற மாதிரி அவளே வைத்தாள். அந்தப் புள்ளி சின்னமனூரைத் தாண்டி, உத்தமபாளையம் தாண்டி, கம்பத்தையும் தாண்டியது. நான் அடுப்பில் இருந்த குழம்பைக்கூடப் பார்க்காமல் அதையே பார்த்தேன். அவள் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாள். "அக்கா, வந்துட்டேன். இதுக்கு மேல நீ பாக்க வேணாம், நிப்பாட்டுறேன்" என்றாள். புள்ளி மறைந்தது. அதற்குப் பிறகு அன்று முழுவதும் என் தங்கை எந்தத் தெருவில் நடந்தாள், எந்தக் கடையில் நின்றாள் என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கர்த்தருக்கு மட்டும்தான் தெரியும்.