செத்ததில் ஒன்று நடந்தபோது

போன வாரம் கன்னியம்மா போட்ட சத்தத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன்.

"மேடம்... செத்ததுல ஒண்ணு நடந்துகினு கீது!"

இப்போது நான் பார்க்கும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அடையாறில் ஒரு மியூசியம். வண்டு, தும்பி, பட்டாம்பூச்சி எல்லாம் ஊசியில் குத்தி, கண்ணாடி மூடிய பெட்டிகளில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே, அதே ஊசியில், விரல்நகம் அளவுக்கு ஒரு லேபிள் — எங்கே பிடித்தது, எப்போது, பிடித்தவர் யார். அதை டைப் அடித்து, வெட்டி, குத்துவது நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் பார்த்த வேலைகளை இந்தப் பக்கத்தில் நான் எழுதி நீங்களே படித்திருக்கிறீர்கள். இங்கே பூச்சிகளுக்கு ஏ.சி. உண்டு. நான் சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

கன்னியம்மா அறையைப் பெருக்கித் துடைப்பவர். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறார். கத்தியதோடு நிற்கவில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, அலமாரி ஓரத்தில் நடந்துகொண்டிருந்ததன் மேல் ஒரு அமுக்கு! ஒட்டிக்கொண்டது.

பொறுப்பாளர் வைதேகி மேடம் லென்ஸை வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வண்டு. காய்ந்த பூச்சிகளைத் தின்பதுதான் அதன் குடும்பத் தொழில். குடும்பத்தோடு தங்கிவிட்டால் அலமாரியே பொடியாகும். ஊசியும் லேபிளும் மட்டும் மிஞ்சும். மறுநாளோ மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். 'பராமரிப்பு சரியில்லை' என்று எழுதிவிட்டால் பெட்டிகள் அத்தனையும் வெளியூருக்குப் போகும். பெட்டிகள் போனால் எங்கள் மூன்று பேருக்கும் அங்கே என்ன வேலை?

அந்த அலமாரிப் பெட்டிகளை ஃப்ரீசரில் அடைத்தோம். குளிரில் வண்டு செத்துவிடுமாம். இடம் போதாமல் இரண்டு பெட்டிகள் கேன்டீனுக்குப் போய், குல்ஃபிக்குப் பக்கத்தில் படுத்தன.

அப்பாடா என்று உட்கார்ந்தால், கன்னியம்மா பொட்டை நீட்டுகிறார்.

"மேடம், இதுக்கு லேபிள்?"

"கன்னியம்மா... இப்ப வேண்டாமே."

"இன்னா மேடம் இது! யார் யாரோ புட்ச்சதுக்கெல்லாம் பேரு போட்டு வச்சிகீறீங்க. நான் புட்ச்சா மட்டும் வேணாமா? அங்க இன்னாதான் பண்றேன்னு எங்கூட்டுக்காரரு டெய்லி கேக்குறாரு. போட்டோ எடுத்துக் காட்டணும்."

"பேர் போட்டா இடமும் போடணுமே. நம்ம மியூசியத்துலயே பிடிச்சதுன்னு நானே எழுதிண்டு, நாளைக்கு அந்த ஆபீஸர் முன்னாடி நீட்டறதா?"

"எழுதாம வுட்டா?"

"லேபிள் இல்லாத பூச்சி குப்பைதானே!" மேடம் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்.

"அப்ப நான் புட்ச்சது குப்பையா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"மயிலாப்பூர்னு போட்டுடலாமே, மேடம்? உங்க வீட்டுல பிடிச்ச மாதிரி..."

மேடம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்பா. நூறு வருஷம் கழிச்சு எவனாவது லென்ஸும் கையுமா எங்காத்து வாசல்ல வந்து நின்னுண்டு, 'அந்த வண்டு எங்கே?'ன்னு கேப்பான். பிடிச்ச இடத்தையே அடி."

அடித்தேன். சென்னை, அடையாறு, மியூசியம் பூச்சி அறை. அன்றைய தேதி. பிடித்தவர்: கன்னியம்மா. பொட்டிலிருந்து பிரித்தால் கால் ஒடியும் என்பதால் பொட்டின் ஓரத்திலேயே ஊசியைக் குத்தினோம். அத்தனை வண்டுகளில் மெரூன் மெத்தையில் படுத்தது அது ஒன்றுதான்.

இந்த ஊரில் யார் இப்படி எழுதி வைக்கிறார்கள்? எந்த ஓட்டலைக் கேட்டாலும் கரப்பான் கிடையாது. வேளச்சேரியில் எனக்கு அறை காட்டிய ஓனர், "இங்க தண்ணியே நிக்காது தம்பி" என்றார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி போன் செய்தேன்... அப்போதும் அதையேதான் சொன்னார்.

மறுநாள் அதிகாரி வந்தார். மேடம் தானாகவே பொட்டு வண்டு இருந்த பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். அதிகாரி லேபிளைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"இது ஒண்ணுதானா?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் துடைப்பத்தோடு கன்னியம்மா முன்னால் வந்துவிட்டார். "நான் புட்ச்சது ஒண்ணு சார். மிச்சம் இருந்தா ஐஸ்ல விறைச்சிகினு கெடக்கும்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி அலமாரிகளைப் பார்த்தார். ஃப்ரீசரைப் பார்த்தார். கேன்டீன் வரைக்கும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "பெட்டிங்க இங்கயே இருக்கட்டும் மேடம். வந்தது தெரிஞ்சிருக்கு, உடனே வேலையும் நடந்திருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க ஆபீஸ்லயும் இது இருக்கு. இருக்குன்னு எழுதத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. ஏம்மா, ஒரு நாள் வந்து எங்க பீரோவையும் பாத்துக் குடுக்கறீங்களா?"

"வர்றேன் சார். பேரு போடுவீங்களா?"

அதிகாரி சிரித்தார். கன்னியம்மா சிரிக்கவில்லை.