மனுவில் நுழைந்த மது

போன மாதம் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு வக்கீல் ஆபீஸில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பயப்படாதீர்கள்... கேஸ் என்னுடையது இல்லை!

படூரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் செல்வி. (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) மாமல்லபுரம் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்துக்காரி. கணவர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அவர் அடித்ததில் கை எலும்பு விரிசல் விட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கேயும் வந்து மிரட்டினார்.

பாதுகாப்பு கேட்டு மனுப் போடவேண்டும். என் காலேஜ் தோழி மாலதி வக்கீல். துணைக்கு நானும் போனேன். செல்வியின் அண்ணனும் வந்திருந்தார்.

நடந்ததையெல்லாம் முந்தைய வாரமே மாலதியிடம் சொல்லி அழுதிருந்தாள் செல்வி. அன்று மனு தயார். மாலதி வாய்விட்டுப் படித்தாள். படித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்கமாட்டாள்.

அழகான நடை. எனக்கே பொறாமை! பாதியில் ஒரு வரி வந்தது: 'எதிர்மனுதாரர் மதுப்பழக்கத்துக்கு அடிமையாகி, தினமும் போதையில் வந்து...'

"இரும்மா," என்றாள் செல்வி. "அவரு குடிக்கவே மாட்டாரே. இத யாரு சொன்னது?"

மாலதி அந்த வரியை மறுபடி பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"ஏஐ-ல டிராஃப்ட் போட்டேன். நீ சொன்னதைத்தான் கொடுத்தேன்... இது அதுவா சேர்த்துக்கிட்டிருக்கு."

மீன் பிடிக்கிறவர், மனைவியை அடிக்கிறார். அப்படியென்றால் குடிகாரராகத்தானே இருக்கவேண்டும்? மெஷினைச் சொல்வானேன்... நம்மில் பாதிப் பேர் நினைப்பதும் அதுதானே?

"இருந்துட்டுப் போட்டும் வுடு," என்றார் அண்ணன். "நல்லாத்தானே கீது?"

"இன்னாண்ணே பேசற? குடிச்சிட்டு அடிச்சிருந்தா, போதையில பண்ட்டாருன்னு மனச தேத்திகினு இருந்திருப்பேன். தெளிவாத்தான் அடிச்சாரு. அதான் பயமா கீது."



மாலதி லேப்டாப்பை மூடினாள். "தப்பு என்னுதுதான் செல்வி. உனக்குப் படிச்சுக் காட்டறதுக்கு முன்னாடி நான் சரிபார்த்திருக்கணும்."

"எம்பேரு, புள்ளைங்க பேரெல்லாம் அதுக்குள்ள போட்டியாம்மா?"

"பேரு, ஊரு எதுவும் போடல. அதுல ஜாக்கிரதையாத்தான் இருந்தேன்."

பிறகு முதலிலிருந்து கேட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செல்வி சொன்னதை மட்டும் தானே எழுதினாள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

விசாரணைக்கு நான் போகவில்லை. மாலதி போனில் சொன்னாள். கணவரின் வக்கீல் எடுத்த எடுப்பிலேயே, "என் கட்சிக்காரர் பீடிகூடத் தொடாதவர். குப்பமே சாட்சி சொல்லும்!" என்றாராம்.

மாஜிஸ்திரேட் மனுவைப் புரட்டிவிட்டு, "குடிப்பார்னு அவங்க சொல்லவே இல்லையே. நிதானத்தோட அடிச்சார்னுதானே சொல்றாங்க?" என்று கேட்டாராம்.

செல்வி இருக்கும் பக்கமே கணவர் வரக்கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்துவிட்டது. அந்த ஒரு வரி மட்டும் உள்ளே இருந்திருந்தால்? குடி பொய் என்று ஆனபிறகு, அடியை யார் நம்புவார்கள்?

"இனிமே ஏஐ பக்கமே போகமாட்டியா?" என்று மாலதியைக் கேட்டேன்.

"ஏன் போகாம? டைப் பண்ற வேலையை அது செய்யட்டும். கட்சிக்காரர் சொல்றதைக் கேக்கற வேலை என்னுது."

மனுவை யார் வேண்டுமானாலும் எழுதட்டும்... கூண்டில் ஏறி நிற்கப்போவது மனுஷிதானே!