பொட்டுக்குக் கீழே இருந்த எழுத்து

பந்தயத்துக்குக் கார் என்ஜின் பார்த்து எடுத்துக் கொடுப்பது என் தொழில்; அதாவது, அடுத்தவன் வேகமாகப் போவதற்கு நான் நின்ற இடத்திலேயே பயந்து சாவது. மலேசியாவில், பீடோங்கில் பட்டறை வைத்துப் பதினாறு வருடமாகிறது. மெக்கானிக் சொன்னதை நம்பி, உள்ளுக்குள் திக்திக்கென்று காரோட்டும் அன்பர்களே, அந்த மெக்கானிக்குக்கும் அதே திக்திக்தான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிவப்பு மூடி

ஜப்பானில் கழித்த கார்களைப் பாதியாக வெட்டி, முன்பாதியை என்ஜினோடு கப்பலேற்றி அனுப்புவார்கள். ஹாஃப்கட் என்போம். ஒரே என்ஜினில் இரண்டு வகை வரும். ஒன்று பசாருக்கு, அதாவது சந்தைக்குப் போய்வர. இன்னொன்று நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று தாங்கும், பந்தயத்துக்கு அதுதான். வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பந்தய வகைக்கு மேல்மூடி சிவப்பு. ஆனால் மூடியைக் கழற்றி மாற்ற எவ்வளவு நேரமாகும்? என்ஜினின் உடலான பிளாக்கின் ஓரத்தில் விரலகலத்துக்கு வழவழப்பாக ஓர் இடம் இருக்கும். அதில் அடித்திருக்கும் முதல் எழுத்தைத்தான் நம்பலாம். ஆர் என்றால் பந்தயம், பி என்றால் பசார்.

பாலிங் ஊர்த் தம்பி ஒருவன் தானே ஒன்றை வாங்கி, தானே மாட்டி, பந்தயத் தடத்தில் இறங்கிவிட்டான். ஏழாயிரம் சுற்றைத் தாண்டியதும் உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வந்தது. கொட்டிய எண்ணெயில் அவன் டயரே வழுக்கி, கார் சுவரில் மோதி, கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான். அவன் கேட்டான்: "அண்ணே, மூடி செவப்பாத்தான்லா இருந்துச்சு?"

சாக்பீஸ் கோடு

அதனால்தான் லூனாஸ் ஊர்க் குமரன் பந்தய என்ஜின் கேட்டபோது நானே கூடப் போனேன். அவனுக்குத் தொழிற்சாலை வேலை, கல்யாணமாகி எட்டு மாதம். ஹாஃப்கட் கடையின் திறந்த வெளியில் சிவப்பு மூடியோடு இரண்டு என்ஜின்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மண்டிபோட்டு, டார்ச் அடித்து, இரண்டு தடவை படித்தேன். ஒன்று ஆர், ஒன்று பி. ஆர் மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு கோடு போட்டேன். மறுநாள் லாரியில் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தோம். அன்று சாயங்காலம் மழை கொட்டியது. சாக்பீஸ் மழைக்கு நிற்காது என்பது இந்தப் பதினாறு வருட அனுபவசாலிக்குத் தோன்றவில்லை. என் காதில் ஒலித்ததெல்லாம் அந்தக் கடையின் சீன முதலாளி சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னதுதான்: "சாமா சாஜா லா பாஸ், ரெண்டும் ஒண்ணுதான்!"

பூசை

லாரி வந்தபோது நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தால் என்ஜினுக்குப் பூசை முடிந்திருந்தது. குமரனின் மனைவி கோமதி, மேலே எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வழவழப்பான இடமாகப் பார்த்துச் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள். எழுத்து இருக்கும் இடமே அதுதான்.

துணியை எடுத்தேன். கை நீளவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை அழித்து, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நேற்றுத்தானே படித்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அப்படியே மாட்டிவிட்டேன். கோமதி கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "இனிமே எனக்குப் பயமில்லண்ணே."

ஐயாயிரம்

பந்தயம்வரை ஐயாயிரம் சுற்றுக்கு மேல் முறுக்காதே என்று குமரனிடம் சொல்லியிருந்தேன். என் பயத்தில் சொன்னது. அதனாலேயே அந்த என்ஜினின் சாயம் வெளுக்கவில்லை. செம்பனைத் தோட்டத்துச் சாலையில் அவனோடு உட்கார்ந்து போனபோது சத்தத்தில் ஏதோ சப்பென்றிருந்தது. கேட்டுவிடலாமா, இறக்கிப் பார்த்துவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. குமரன் என் தோளில் தட்டினான்: "நீங்க பாத்து எடுத்ததுண்ணே, நான் கண்ணை மூடிக்கிட்டு அமுக்குவேன்!"

தடத்தில்

பந்தயத்தன்று காலை, சோதனை அதிகாரி பானெட்டைத் திறந்து என்ஜின் நம்பர் எங்கே என்றார். நான் துணியை வைத்துக்கொண்டு பொட்டைச் சுற்றியே துடைத்துக்கொண்டிருந்தேன். "நகருங்கண்ணே, வச்சவளே தொடைக்கிறேன்" என்று கோமதி துடைத்தாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. அவளே உரக்கப் படித்தாள். முதல் எழுத்து பி. மழையில் கோடு அழிந்து, கடைக்காரன் மற்றதை லாரியில் ஏற்றிவிட்டிருக்கிறான்.

அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். அந்த எழுத்துக்கு அர்த்தம் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். சொன்னால் என் பெயர் நாறிவிடும். லூனாஸிலிருந்து பாலிங்வரை ஒருவன் என் பட்டறைப் படி ஏறமாட்டான். மெதுவாக ஓட்டுவான், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குமரன் ஹெல்மெட் மாட்டும்வரை வாயைத் திறக்கவில்லை. சீட் பெல்ட் பூட்டும் 'டக்'கென்ற சத்தம் கேட்டது. பாலிங் தம்பியின் கால் கண்முன் வந்தது. ஓடிப்போய் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினேன். மழை, கோடு, பொட்டு எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

குமரன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கோமதிதான் பேசினாள். குரலை உயர்த்தக்கூட இல்லை: "என்ஜின் பொட்ட அழிக்க அவ்ளோ பயந்தீங்களே, என் நெத்தியில இருக்கறத ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதாண்ணே?"

இப்போதும் என் பட்டறைக்கு வரும் எல்லா என்ஜினுக்கும் பூசை உண்டு. பொட்டு வைக்கும் இடத்தை மட்டும், எழுத்தை நாலு தடவை வாய்விட்டுப் படித்த பிறகு, நானே விரலால் தொட்டுக் காட்டுகிறேன்.